ஒரே நீளம்

ஜூன் 4

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே உடம்பு, கடை இரண்டும் ஓடுகின்றன. அங்கே நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்?

உறையின் மேல் 'நுண்கணித அறிமுகம், பதிவு எண் 412' என்று பார்த்துப் பிரித்திருப்பாய். உள்ளே என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத் தோன்றும். கிழிக்க முடியாது. இது விடைத்தாள். பின்பக்கம் முதல் பயிற்சி இருக்கிறது. திருத்தி, குறிப்பு எழுதி, இருபது நாளுக்குள் திருப்பி அனுப்புவது உன் வேலை. உங்கள் தபால்வழிப் படிப்பின் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். வயது தடையில்லை. எட்டாவதோடு நின்றவனும் சேரலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது விதி எண் ஒன்பது: தோற்றவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி எழுதலாம். நான் பாட்டுக்குத் தோற்றுக்கொண்டே இருப்பேன், நீ பதில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வேறு என்ன செய்வது, சொல். பதினொரு வருஷத்தில் இருபது கடிதமாவது போட்டிருப்பேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேரில் வந்தேன், கதவைத் திறந்த கையாலேயே சாத்தினாய். நான் வியாபாரி. முன்வாசல் மூடியிருந்தால் சரக்கு இறக்கும் வாசல் எங்கே என்று பார்ப்பவன்.

உன் வீட்டுக்காரர், நாம் 'ஏணி' என்று கூப்பிடும் மாப்பிள்ளை, விழுந்த அன்றைக்கு, விசாரணைக்கு வந்தவர்களிடம் நான் சொன்னது உனக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். "விளிம்புல சாக்கு வைக்காம கட்டியிருக்கார், கயிறு தேய்ஞ்சு அறுந்திருக்கு, அவருக்கு எப்பவும் அவசரம்." கயிற்றுக்கடைக்காரன் என்று என்னைக் கேட்டார்கள், சொன்னேன். செத்த மனுஷனை நாலு பேர் நடுவே குறை சொன்னது தப்புதான். அதற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. மறுபடி "அண்ணா" என்று ஒரு சொல் எழுது, போதும்.

முதல் பாடத்திலேயே சந்தேகம். 'சார்பு' என்றால் என்ன? நம் வீட்டில் சார்பு என்றால் ஒருவர் பக்கம் பேசுவது. கணக்கு யார் பக்கம் பேசுகிறது?

பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்


ஜூன் 23

பதிவு எண் 412 மாணவருக்கு,

விடைத்தாள் கிடைத்தது. விசாரித்திருந்தீர்கள். இருக்கிறோம்.

சார்பு என்பது, ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தரும் விதி. அது யார் பக்கமும் பேசாது.

தொடர்ச்சிக்கு, 'பென்சிலை எடுக்காமல் வரையக்கூடிய கோடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளிக்கூடத்துச் சுருக்கம், பாதி மதிப்பெண். ஒரு புள்ளியில் மூன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளியில் சார்புக்கு மதிப்பு இருக்கிறதா? இடப்பக்கமிருந்து நெருங்கினாலும் வலப்பக்கமிருந்து நெருங்கினாலும் ஒரே எல்லைக்கு வருகிறதா? அந்த எல்லையும் அந்த மதிப்பும் ஒன்றுதானா? மூன்றில் ஒன்று தவறினாலும் அங்கே தொடர்ச்சி இல்லை.

பாடத்துக்கு வெளியே ஒன்றை மட்டும் சொல்கிறேன், மறுபடி சொல்ல மாட்டேன். என் கணவர் இருபது வருடம் உயரமான கட்டடங்களில் தொங்குபலகையில் நின்று வண்ணம் அடித்தவர். ஆறாவது மாடி உயரத்தில் கயிறு அறுந்தது. 'ஆளின் அவசரம்' என்று அறிக்கை எழுதி மூடினார்கள். அது உங்கள் வாயிலிருந்து எடுத்த சொல். நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. உண்மையைத்தான் சொன்னீர்கள். அதை அங்கே, அவர் மேல் போர்த்திய துணிகூட நனைந்து முடியாதபோது, சொன்னீர்கள்.

இனி விடைகள் மட்டும் அனுப்பவும்.

பாடத் திருத்துநர்


ஜூலை 2

தங்கச்சிக்கு,

'இருக்கிறோம்' என்று எழுதினாயே, அதுவே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். மற்றபடி குறை இல்லை.

கடைக்குப் பின்னால், கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டுப் படிக்கிறேன். எங்கள் கணக்கர் சும்மா இருப்பாரா? "முதலாளி, பாஸ் பண்ணிட்டு எங்க வேலைக்குப் போறதா உத்தேசம்?" என்கிறார். "உங்க வேலைக்குத்தான்" என்றேன்.

நீ கேட்டது, துள்ளல் தொடர்ச்சியின்மைக்கு அன்றாட வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம். இந்தக் கடிதமே உதாரணம். தபாலுக்கு இருபது கிராம் வரை ஒரு ஸ்டாம்பு. மேலே மயிரிழை கூடினாலும் இரண்டு. நடுவில் ஒன்றரை என்பதே கிடையாது. போன தடவை என் உறையைத் தராசில் வைத்தால் முள் சரியாக இருபதில் நின்றது.

"இருபதுன்னா எத்தனை ஸ்டாம்பும்மா?"

"இருபது வரைக்கும்னா இருபதும் சேர்த்திதாங்க."

"அதுக்கு மேல ஒரு தூசி விழுந்தா?"

"அப்ப ரெண்டு."

"தூசிக்கு ஒரு முழு ஸ்டாம்பா?"

"பெரியவரே, பின்னாடி வரிசை நிக்குது."

ஆக, இருபது சேர்த்தி என்பதால் கீழ்க்கோட்டின் முனைக்குக் கறுப்புப் புள்ளி, சேராத மேல்கோட்டின் முனைக்கு வெள்ளைப் புள்ளி. இடப்பக்க எல்லை ஒன்று, வலப்பக்க எல்லை இரண்டு. ஜென்மத்துக்கும் ஒட்டாது. சரிதானே?

அளவு விஷயத்தில் எனக்கு எந்தப் புத்தகமும் புதிதாகச் சொல்லிவிட முடியாது. மேஜை விளிம்பில் அடித்து வைத்திருக்கும் பித்தளை அளவுகோல் உனக்கு ஞாபகம் இருக்கும். முப்பது வருஷத்தில் நாற்பது மீட்டர் வாங்கினவன் எவனும் முப்பத்தொன்பதே முக்கால்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தது கிடையாது. விரற்கடை கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

குட்டியைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா? ஏழு வயசில் பார்த்தது.

அண்ணன்


ஜூலை 21

412-க்கு,

துள்ளல் சரி. முழு மதிப்பெண். தபால் நிலைய உதாரணத்தை அடுத்த ஆண்டுப் பாடத்தில் சேர்க்க விரும்புகிறேன். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்.

பல் பிடுங்கிய இடம் வீங்கினால் தள்ளிப்போடாமல் காட்டுவது நல்லது.

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. கட்டட வரைபடப் பயிற்சிக்குப் போகிறாள். எத்தனை மாடி வேண்டுமானாலும் வரைவாள். இரண்டாவது மாடிக்கு மேல் ஏற மாட்டாள். கோடு போட்டால் அவ்வளவு நிதானம். வகுப்பில் கடைசியாக முடிப்பவள் அவள்தானாம். அதற்குக் காரணம் நான். டம்ளரைத் தட்டிவிட்டாலும், பேருந்தைப் பிடிக்க ஓடினாலும், பதினொரு வருடமாக நான் சொல்லும் ஒரே வசனம்: "அப்பா மாதிரி அவசரப்படாதே."

அடுத்த கணக்கு: f(x) = (x² − 4) / (x − 2). இந்தச் சார்பு x = 2 என்ற புள்ளியில் தொடர்ச்சியானதா? காரணம் தருக.

திருத்துநர்


ஆகஸ்ட் 1

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். வீக்கம் வடிந்துவிட்டது. நீ காட்டச் சொன்னதாலேயே வடிந்தது என்று வைத்துக்கொள். உதாரணத்தைத் தாராளமாக எடுத்துக்கொள், வாடகை கேட்க மாட்டேன்.

கணக்குக்கு வருகிறேன். x² − 4 என்பது (x − 2)(x + 2). மேலேயும் x − 2, கீழேயும் x − 2. இரண்டையும் அடித்துவிட்டேன். மிச்சம் x + 2. நேர்கோடு. இரண்டைப் போட்டால் நான்கு. ஆகவே தொடர்ச்சியான சார்பு.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'தொடர்ச்சி இல்லை' என்று விடை போட்டிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தப் பக்கமிருந்து வந்தாலும் நான்கு, அந்தப் பக்கமிருந்து வந்தாலும் நான்கு. நடுவில் ஒரே ஒரு புள்ளி இல்லையென்றால் எவன் கண்ணுக்குத் தெரியப்போகிறது? எங்கள் தொழிலில் தினமும் பார்ப்பதுதான். சுருளின் அடியில் துண்டு மிச்சம் விழும். தூக்கியா எறிய முடியும்? இரண்டு துண்டின் முனையிலும் புரி பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, பிசிறைச் சீவி, காலால் உருட்டினால், தடவிப் பார்க்கிறவனுக்குக்கூடப் பிடிபடாது. இடப்பக்கம் அதே தடிமன், வலப்பக்கம் அதே தடிமன். ஒட்டின அந்த ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் முழுப் பலம். ஒரே நீளம் என்று சொல்லிக் கொடுப்போம், ஒரே நீளமாகத்தான் போகும். அதே மாதிரிதான் உன் கோடும். தெரியாத ஓட்டை ஓட்டையே இல்லை. இதற்கு முழு மதிப்பெண் போடாவிட்டால் மேலிடத்துக்கு எழுதுவேன்!

குட்டியிடம் மாமா விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


செப்டம்பர் 9

412-க்கு,

விடை தவறு. பூஜ்யம்.

x − 2 என்பதை மேலும் கீழும் அடிக்கும்போது, அது பூஜ்யம் இல்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அடிக்கிறோம். x இரண்டாகும்போது அது பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்துவிட்டு, வகுத்த தடயத்தை அழித்திருக்கிறீர்கள். கோடு பார்க்க முழுசாக இருக்கும். இரண்டில் ஓர் ஆள் நின்றால் விழுவான்.

திருத்த இருபது நாள் கெடு. நாற்பது நாள் எடுத்துக்கொண்டேன். என் அலுவலக அறை பேருந்து நிலையத்தைப் பார்த்த அறை. சன்னலை மூடிவிட்டு உங்கள் தாளின் கீழ்ப்பாதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பாடத்தில் இல்லாத கேள்வி. என் கணவர் கடைசியாக உங்கள் கடையில் வாங்கிய நாற்பது மீட்டர் ஒரே நீளமா?


செப்டம்பர் 14

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நீயும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் ஜாஸ்தி. பழைய ஷட்டர் துருப்பிடித்து இழுக்க முடியவில்லை, புதுசு மாட்டினோம். ஒரு விரலால் தூக்கலாம். பல் வைத்தியர் பக்கத்துப் பல்லும் ஆடுகிறது என்கிறார். எனக்கென்னவோ அவர்தான் ஆட்டுகிறார் என்று சந்தேகம்.

நீ கேட்டிருந்தாய். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கயிறு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் போனதை இன்றைக்கு எப்படிச் சொல்வது? நான் எழுதினது ஒரு பேச்சுக்கு. கணக்கை விளக்க வேண்டுமே என்று எழுதினது. கடையில் ஒட்டுக் கயிறு போவதெல்லாம் மூட்டை கட்ட, மாடு கட்ட.

இரண்டில் ஓட்டை என்பதை ஒத்துக்கொள்கிறேன். திருத்தி எழுதி இணைத்திருக்கிறேன்.

கடை மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. நல்ல வெளிச்சம். குட்டி படிப்பு முடித்ததும் அங்கேயே அலுவலகம் போட்டுக்கொள்ளட்டும். முதல் மாடிதான், பயப்படத் தேவையில்லை. நீ சரி என்று சொல், நாளைக்கே சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறேன்.

அண்ணன்


அக்டோபர் 17

அண்ணனுக்கு,

நானும் அவளும் நலம்.

எழுதிய கடிதம் முழுக்க ஷட்டரும் பல்லும். பாடத்தில் 'எல்லை' என்று படித்தீர்களே, அது இதுதான். இந்தப் பக்கம் 1.9, 1.99, 1.999 என்று வருகிறீர்கள். அந்தப் பக்கம் 2.001-இல் போய் மாடி அறையைக் காட்டுகிறீர்கள். இரண்டில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறீர்கள்.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த அறிக்கையை எடுத்தேன். முதல் பக்கத்துக்கு மேல் நான் அதைப் படித்ததில்லை. மூன்றாம் பக்கத்தில், அறுந்த துண்டுகளை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒன்று 25.60 மீட்டர். மற்றது 13.50. கூட்டினால் 39.10. நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் கணக்கைத் திருத்துகிறவள், பதினொரு வருடமாக வீட்டில் கிடந்த இரண்டு எண்ணைக் கூட்டிப் பார்க்கவில்லை.

முப்பது வருடத்தில் உங்கள் கடையில் அளவு குறைந்தது கிடையாது. நீங்களே எழுதியது.

தொண்ணூறு சென்டிமீட்டர் எங்கே, அண்ணா?


நவம்பர் 28

தங்கச்சிக்கு,

'அண்ணா' என்று எழுதிவிட்டாய். கேட்டது கிடைத்தது.

ஆறு வாரம் பேனாவை எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வந்த அன்றைக்குச் சுருளில் இருபத்தாறு மீட்டர்தான் இருந்தது. புதுச் சரக்கு வர மூன்று நாள் ஆகும். இல்லை என்று சொன்னால் எதிர்க்கடைக்குப் போவார். தங்கச்சி வீட்டுக்காரரே எதிர்க்கடையில் வாங்கினார் என்று ஊர் சிரிக்கும். நாளைக் காலையில் வாங்க என்றேன். சாயங்காலம் பதினாலு மீட்டர் மிச்சத் துண்டு ஒன்றை அதோடு என் கையால் ஒட்டினேன். ஆளை வைத்துச் செய்யவில்லை. நானே செய்தால் கெட்டியாக இருக்கும் என்று நினைத்தேன்.

காலையில் வந்து முழுக் கயிற்றையும் கையில் விட்டு விட்டு இழுத்துப் பார்த்தார். அவர் அப்படித்தான், கயிறு வாங்க வந்தால் அரை மணி நேரம் ஆகும். கணக்கர்கூட முணுமுணுப்பார். பார்த்துவிட்டுக் கேட்டார்: "மச்சான், ஒரே நீளம்தானே?"

"ஒரே நீளம்தான் ஏணி, கண்ணை மூடிக்கிட்டு ஏறுங்க" என்றேன்.

சிரித்தார். "கண்ணை மூடிக்கிட்டு எப்படி மச்சான் பெயின்ட் அடிக்கிறது?" என்றார்.

கடைத்தெருக் கட்டடம்தானே, விழுந்த சத்தம் கேட்டு ஓடினவர்கள் எல்லாரும் கீழே நின்றார்கள். நான் மட்டும் மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே கிடந்த முனை ஒட்டின இடம். ஒரு முழம் வெட்டி எடுத்தேன். கீழே வந்து, எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மற்ற முனையிலும் ஒரு முழம். அவர்கள் அளந்து வைப்பார்கள் என்று நினைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நீ கேட்கவில்லை. விளிம்பில் சாக்கு இருந்தது. இரண்டு மடிப்பாக மடித்து, நகராமல் கட்டியிருந்தார். அதை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினவன் நான்.

துண்டுகள் இரண்டையும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எத்தனையோ தடவை எரிக்க எடுத்தேன், முடியவில்லை.

படித்துவிட்டு இதைக் கிழித்துவிடு. கடையில் இப்போது என் மகனும் உட்காருகிறான். முப்பது வருஷத்துப் பெயர்.

புத்தகத்தில் 'நீக்கத்தக்க தொடர்ச்சியின்மை' என்று ஒரு வகை இருக்கிறது. ஓட்டை விழுந்த புள்ளியில் சரியான மதிப்பைப் போட்டுவிட்டால் கோடு முழுசாகிவிடுமாம். போட்டுவிட்டேன். இனி முழுசாகுமா?

அண்ணன்


டிசம்பர் 19

பதிவு எண் 412 மாணவருக்கு,

கடிதமும் பார்சலும் கிடைத்தன. நலம் விசாரித்திருந்தால் பதில் எழுதியிருப்பேன். இந்த முறை நீங்கள் விசாரிக்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு விடை: ஆகாது. ஓர் எண்ணைப் போட்டு ஓட்டையை அடைக்க வேண்டுமானால், இரண்டு பக்கத்து எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நாள் வரைக்கும் வந்த கோடு வேறு, அதற்குப் பிறகு போன கோடு வேறு. இதற்குத் தபால் நிலையத்தை உதாரணமாகக் காட்டியவர் நீங்கள்.

துண்டுகளை மேஜையில் நீட்டி அளந்தேன். இரண்டும் சேர்த்து எண்பத்தெட்டு சென்டிமீட்டர். உலர்ந்து சுருங்கியிருக்கும் என்று என் மகள் சொன்னாள். உங்கள் கடையில் அளவு குறைந்தது இதுதான் முதல் தடவை.

அவள் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, அவள் வழக்கப்படி நிதானமாக, இரண்டு தடவை படித்தாள். சாக்கு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷமா யார் மாதிரி அவசரப்படாதேன்னு சொன்னீங்கம்மா?" என்று கேட்டாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. இன்றோடு எட்டு நாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தட்டை எடுத்து வைப்பாள், கழுவி வைப்பாள். உங்களிடம் நான் பதினொரு வருடம் பேசாமல் இருந்தேன். அவள் எத்தனை வருடம் இருப்பாள் என்று தெரியவில்லை.

கடிதத்தைக் கிழிக்கச் சொன்னீர்கள். விடைத்தாளைக் கிழிக்க முடியாது, உங்கள் முதல் தாளிலேயே அதை எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது அறிக்கை எழுதிய அலுவலகத்தில் இருக்கிறது, துண்டுகளும்தான். அந்த அலுவலகம் ஐந்தாவது மாடியில். கொண்டுபோய்க் கொடுத்தது அவள். படியில் ஏறியே போனாளாம், நான் போய்க் கேட்டபோது வாயிற்காவலர் சொன்னார்.

நீங்கள் எழுதிய மற்ற விடைகளையும் சேர்த்துத் திருத்திவிட்டேன். மதிப்பும் எல்லையும் வேறு என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறது. தேர்ச்சி போட்டிருக்கிறேன், சான்றிதழ் அலுவலகத்திலிருந்து வரும்.

விதி எண் ஒன்பதை முழுவதும் படித்தீர்களா என்று தெரியவில்லை. தோற்றவர்தான் மறுபடி எழுதலாம். தேர்ச்சி பெற்றவர் எழுத முடியாது.

பாடத் திருத்துநர்